எயார் ரைபிளா, பொயின்ட் 22-ஆ?

வெள்ளவத்தைப் பக்கம் பிள்ளையைத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு விட நினைக்கும் பெற்றோர் கேட்பது இதைத்தான். எயார் ரைபிள் காற்றழுத்தத்தில் சுடுவது; பொயின்ட் 22 என்பது வெடிமருந்துச் சன்னம் போடும் .22 அங்குல ரைபிள். பாதுகாப்பு விதிகளை வைத்தே சொல்கிறேன்.

தூரம்: எயார் ரைபிளுக்கு 10 மீற்றர், மண்டபத்துக்குள். பொயின்ட் 22-க்கு 50 மீற்றர், காற்றையும் கணிக்கவேண்டும்.

துவக்கின் உச்ச எடை: முன்னதற்கு 5.5 கிலோ, பின்னதற்கு அதைவிடக் கூட.

சத்தம்: 22-க்குக் காதுக்கவசம் கட்டாயம் என்றே வையுங்கள். எயாருக்கும் போடுவது நல்லது.

விதி மீறிப் போட்டியிலிருந்து வெளியேற்றப்படும் ஆபத்தில்தான் பெரிய வித்தியாசம். எயாரில் நின்றே 60 சூடு. துவக்கு ஒரே இடத்தில் இருக்கும். 22-இல் முழந்தாளிட்டு, படுத்து, நின்று என நிலை மாறவேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் சன்னத்தை எடுத்து, போல்ட்டை (சன்னம் போடும் அறையின் பூட்டை) திறந்து, உள்ளே சன்னம் இல்லை என்று காட்டும் பளிச்சென்ற செம்மஞ்சள் பாதுகாப்புக் கொடியைச் செருகவேண்டும். அவசரத்தில் பிள்ளைகள் மறப்பது இங்கேதான்.

போட்டி அதிகாரி 'ஸ்டொப்' என்றதும் அனுமதியில்லாமல் துவக்கைத் தொட்டால், இரண்டிலுமே வெளியேற்றப்படலாம். மஞ்சள் அட்டை எச்சரிக்கை, பச்சை புள்ளிக் கழிப்பு, சிவப்பு என்றால் போட்டியே முடிந்தது. இது கடுமையில்லை, பக்கத்தில் நிற்பவரின் உயிர்.

எயாரில் ஒன்று கவனியுங்கள்: காற்றுச் சிலிண்டரின் காலாவதித் திகதிக்கு வீரரே பொறுப்பு.

புதிதாகத் தொடங்கும் பள்ளிப் பிள்ளைக்கு எயார்தான். கொடி செருகுவது சொல்லாமலே கைக்கு வந்த பிள்ளையென்றால், சரி, 22-க்குப் போகலாம்.