அனுப்பர்பாளையம் ஞாயிற்றுக்கிழமை கணக்கு வகுப்பு: மார்க்குக்காக என்றால் வேண்டாம்

பாத்திரக் கடைகளைத் தாண்டி ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. போர்டு கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, மாதம் 600 ரூபாய். நான் திருப்பூரில் பவர்டேபிள் (ஆர்டர் எடுத்துத் துணி தைத்துக் கொடுக்கும் பட்டறை) வைத்திருக்கிறேன். மகள் ஆறாவது, தமிழ் மீடியம்.

சேர்க்கும்போதே டீச்சர் சொல்லிவிட்டார்: "பரீட்சைக் கணக்கு இங்க போடறதில்லீங்க. ஒண்ணு மாறுனா இன்னொண்ணு எப்படி மாறும்னு பாக்கறோம், அவ்வளவுதான்." பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கவும் விட்டார்.

ஐஸ் குச்சிகளைச் சதுரங்களாக ஒரே வரிசையில் அடுக்கினார்கள், பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களுக்கு நடுவில் பொதுவாக ஒரே குச்சி. ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. அட்டவணை எழுதியதும் எல்லாரும் மேலிருந்து கீழே பார்த்து "மூணு மூணாக் கூடுது" என்றார்கள். சரிதான், நூறு சதுரத்துக்கு? ஒரு பையன் கூட்டிக்கொண்டே போய்ப் பாதியில் விட்டுவிட்டான். இன்னொருவன் குறுக்கு வழி பிடித்தான்: "பத்துக்கு 31, அப்ப இருபதுக்கு 62." டீச்சர் தப்பு என்று சொல்லவே இல்லை. "ரெண்டு பத்தையும் ஒட்டி வை கண்ணு" என்றார். சேருகிற இடத்தில் இரண்டு குச்சி ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. ஒன்றை அவனே உருவிக்கொண்டு "61" என்றான்.

அப்புறம்தான் சுவாரசியம். நூறு சதுரத்துக்கு 301 என்பதை மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகச் சொன்னார்கள். என் மகள் முதல் குச்சியைத் தனியாக நிறுத்தி, சதுரத்துக்கு மூன்று வீதம் 300 சேர்த்தாள். ஒருவன் முதல் சதுரத்துக்கு 4, மீதி 99-க்கு மூன்று மூன்று என்றான். இன்னொருத்தி 400 குச்சி எடுத்து, நடுவில் இரட்டிப்பாக வரும் 99-ஐக் கழித்தாள். எது சரி என்று கால் மணி நேரம் சண்டை. டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. 57 சதுரத்துக்கு மூன்று வழியிலும் போட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்றிலும் 172. பள்ளிப் புத்தகத்திலும் தீக்குச்சிக் கணக்கு இருக்கிறது. மகள் பள்ளியில் அட்டவணையை நிரப்பியதோடு சரி.

வீட்டிலிருந்து ஒரு கணக்கு கொண்டுவரச் சொன்னதற்கு மகள் என் பிரிண்டிங் பில்லை எடுத்துப் போனாள். ஸ்கிரீன் சார்ஜ் (அச்சடிக்கும் சட்டத்துக்கான கூலி) ஒரு தடவைக்கு 600, பீஸுக்கு 3 ரூபாய். 100 பீஸுக்கு 900, 200 பீஸுக்கு 1,200. பீஸ் இரட்டித்தால் பில் ஏன் இரட்டிக்கவில்லை என்று அன்று முழுக்க அதைத்தான் அலசினார்களாம். சின்ன ஆர்டர் ஏன் கட்டுப்படியாகாது என்று என் டைலர்களுக்கே இப்போது அவள்தான் விளக்குகிறாள், தொல்லை தாங்கவில்லை.

அட்டைப்பெட்டி விளையாட்டும் உண்டு. 5 என்று சீட்டுப் போட்டால் 11 வரும். விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு கூட்டுகிறதா, இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுகிறதா? அடுத்த சீட்டு போட்டால்தான் தெரியும். ஆறாவது பிள்ளைகளுக்கு இது பிரமாதம். எட்டாவது பிள்ளைகள் முந்திக்கொண்டு விடையைக் கத்திவிடுகிறார்கள். எல்லாரையும் ஒரே பேட்ச்சில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னேன், இடமில்லை என்கிறார்.

x, y எல்லாம் மெதுவாகத்தான் வருகிறது. அதற்காகவே சில பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் குறையில்லை. பத்தாவதில் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும், இதே விஷயம்தான். அதற்குள் x, y தன்னால் வந்துவிடும். வரைபடத்தாளை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எடுக்கலாம். பில் கணக்கைப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தால் கோடு ஏன் 600-ல் தொடங்குகிறது என்று கண்ணாலேயே பார்த்திருப்பார்கள்.

காலாண்டில் மகளின் மார்க் ஏறவில்லை. மார்க் வேண்டும் என்பவர்கள் சாதாரண டியூஷனுக்கே அனுப்பலாம். மாடியில் தகரக் கூரை, ஏப்ரலில் கொதிக்கும். தண்ணீர் பாட்டில் கொடுத்துவிடுங்கள். கார் நிறுத்த வழியில்லை, டூவீலரில் போங்கள்.