பெட்டி பிரிக்காத பழைய சரக்கா, பட்டறை வேலையா, வேறு வண்டிப் பாகமா? அரிய பழங்கார்களுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

உற்பத்தி நின்று நாற்பது, ஐம்பது ஆண்டு ஆன காரில் ஒரு பாகம் போய்விட்டால் முன்னால் இருப்பவை ஆறு வழிகள். அந்தக் காலத்தில் செய்து, விற்காமல் கிடங்கில் தங்கிவிட்ட பழைய சரக்கு, இப்போது புதிதாகச் செய்து வரும் மறுதயாரிப்பு, கழித்துக்கட்டிய இன்னொரு காரிலிருந்து கழற்றியது, வேறு மாடலின் பாகம், கையிலுள்ளதையே செப்பனிடுவது, ஒன்றுமே கிடைக்காதபோது புதிதாகச் செய்துகொள்வது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பாகத்துக்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு வழி தெளிவாக முந்தும். பழைய சரக்குக்கு ஆர்வலர்கள் தரும் மதிப்பு மிக அதிகம், செப்பனிடும் வழிக்குத் தருவது மிகக் குறைவு என்பது எங்கள் கணிப்பு.

எந்த வழியில் போனாலும் பழுதான பாகத்தை வீசிவிடக் கூடாது. செப்பனிட அது வேண்டும், அளவெடுக்க அது வேண்டும், வேறு வண்டியின் பாகத்தை ஒத்துப்பார்க்கவும் அதுவே வேண்டும். இரண்டாக உடைந்ததுகூட வார்ப்பு மாதிரியை வரைய உதவும்.

பிரேக் சிலிண்டர்கள்

ஆறு வழிகளின் வேறுபாடும் பளிச்சென்று தெரியும் இடம் இது. மாஸ்டர் சிலிண்டரோ வீல் சிலிண்டரோ, பழைய சரக்காகக் கிடைத்தால் துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. பெட்டி புதிதாக இருக்கும், உள்ளே ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடந்த சீலின் விளிம்புக்கு அடியில் வார்ப்பிரும்பு வளையம்போல் அரித்திருக்கும். அப்படியே மாட்டினால் சில நாள் நன்றாக இருக்கும், பிறகு கசியும். பழைய சரக்குச் சிலிண்டரை வாங்கினால் காசு கொடுத்தது வார்ப்புக்கு மட்டும்தான் என்று கொள்ளுங்கள். பிரித்து, உட்சுவரைப் பார்த்து, ரப்பர் முழுவதையும் மாற்றிய பிறகே அது பயன்படும்.

கழற்றிய பாகத்தின் நிலையும் ஏறக்குறைய இதேதான். உட்சுவரில் லேசான கறை என்றால் ஹோனிங் (உட்சுவரை மெல்லத் தேய்த்து வழுவழுப்பாக்குவது) போதும். பள்ளம் விரல் நகத்தில் தட்டினால் ஹோனிங் செய்து பயனில்லை. பள்ளம் மறையும்வரை தேய்த்தால் துளை பெரிதாகி, சீல் பிடிக்காமல் போகும்.

இங்கே எங்கள் வாக்கு ஸ்லீவ் போடுவதற்கே. துளையைச் சில மில்லிமீட்டர் பெரிதாக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளைக் குழாயை இறுக்கிப் பொருத்தி, பழைய அளவுக்கே மறுபடி ஹோன் செய்வார்கள். அதன்பின் அது துருப்பிடிக்காது. சிக்கல் வேறு இடத்தில் வரும். மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் டேங்கிலிருந்து இறங்கும் இரண்டு துளைகளில் சிறியது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. ஸ்லீவில் அந்தத் துளையைச் சரியான இடத்தில் மறுபடி போட வேண்டும்; உள்பக்க ஓரத்துப் பிசிறை எடுக்க வேண்டும். பிசிறு நின்றால் சீல் கிழியும். துளை அடைபட்டாலோ, பெடலோடு இணைந்த புஷ் ராடுக்கு ஆட்டம் விடாமல் பொருத்தினாலோ, சூடேறிய ஆயில் திரும்பப் போக வழியின்றி பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். மாட்டியதும் டேங்க் மூடியைத் திறந்துவைத்து, பெடலை மெதுவாக ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். முதல் சிறு அழுத்தத்தில் உள்ளே ஆயில் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள். சற்றுத் தள்ளி நின்றே பாருங்கள். அந்த ஆயில் கண்ணுக்கும் ஆகாது, பெயின்டுக்கும் ஆகாது.

வேறு மாடலின் சிலிண்டரைப் பொருத்துவது மலிவு, விரைவு. ஆனால் கணக்குப் போடாமல் செய்யக் கூடாது. 19.05 மி.மீ. துளைக்குப் பதில் 22.2 மி.மீ. போட்டால், விட்டத்தில் சின்ன வித்தியாசமாகத் தெரிவது பரப்பில் 36 விழுக்காடு கூடுதல். அதே பிரேக்குக்கு 36 விழுக்காடு அதிகமாக மிதிக்க வேண்டும். பெடல் பயணம் கால்பங்குக்கு மேல் குறையும். "பெடல் கெட்டியாகிவிட்டது, பிரேக் நன்றாக இருக்கிறது" என்று தோன்றும். அவசரத்தில்தான் உண்மை தெரியும்.

இன்னொரு பொறி மரை. பிரேக் குழாயின் 3/8 அங்குல 24 மரை (அங்குலத்துக்கு 24 சுற்று) நட்டும் மெட்ரிக் அளவான எம்10×1 நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது 9.5 மி.மீ., பின்னது 10 மி.மீ. அங்குல நட்டு மெட்ரிக் துளையில் எளிதாக இறங்கும், இறுகியதுபோலவும் காட்டும். அழுத்தம் வரும்போது மரை உரிந்துகொள்ளும். குழாய் முனையின் விரிப்பும் இரண்டு வகை: 45 பாகை இரட்டை மடிப்பு ஒன்று, குமிழ் வடிவம் இன்னொன்று. ஒன்றின் இருக்கையில் மற்றது உட்காராது.

ரப்பரை மட்டும் எப்போதும் மறுதயாரிப்பிலேயே வாங்குங்கள், ஆனால் எந்த ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். கிளைக்கால் வகைப் பிரேக் ஆயிலுக்கு இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் ஏற்றது, மினரல் ஆயில் பட்டால் அது ஊதிவிடும். நைட்ரைல் ரப்பர் நேரெதிர். இதற்கு நல்ல உதாரணம் 1955இல் வந்த சிட்ரோன் டி.எஸ். தொடக்கத்தில் வேறு ஆயிலில் ஓடியது. 1966 முதல் எல்.எச்.எம். என்ற பச்சை மினரல் ஆயிலுக்கு மாறியது. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் மூன்றும் அதே ஆயிலில் ஓடுவதால், ஒருமுறை மாற்றி ஊற்றினால் வண்டியின் சீல் அத்தனையும் போகும். எல்.எச்.எம். வண்டிகளின் பாகங்களுக்குப் பச்சை அடையாளம் இட்டதே இதனால்தான்.

பேரிங், ஆயில் சீல்

இங்கே தீர்ப்பு மாறும். கார் கம்பெனியின் பார்ட் நம்பரைப் பிடித்துக்கொண்டு பழைய சரக்கைத் தேடுவது வீண் அலைச்சல். பேரிங்கைத் துடைத்து, வளையத்தின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 6204 என்றிருந்தால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ.; இன்றும் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். எண் அழிந்திருந்தால் இந்த மூன்று அளவையும் வெர்னியரில் எடுத்தாலே போதும். வெளிவளையத்தில் லாக் ரிங் பள்ளம் இருக்கிறதா, சி3 என்ற கூடுதல் இடைவெளிக் குறி இருக்கிறதா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சீலுக்கும் மூன்று அளவுதான். கூடுதலாக, உதட்டில் சாய்வான வரிகள் இருந்தால் அது சுழலும் திசையைப் பார்த்து வாங்க வேண்டியது. புதுச் சீல் போட்டும் கசிகிறதென்றால் ஷாஃப்டில் பழைய சீல் வெட்டிய பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய எஃகு உறையை அதன்மேல் ஏற்றினால், அதே அளவுச் சீல் போதும்.

வாட்டர் பம்பையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றாக வரும் துண்டு, பேரிங் கம்பெனிகளின் பட்டியலில் இன்றும் உண்டு. வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். பழைய ஹப்பையும் (புல்லி பூட்டும் தலை) இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அழுத்தி எடுக்கும்போது ஹவுசிங்கைத் தாங்காமல், ஹப்பின் அடியிலேயே தாங்கு கொடுங்கள். இல்லையென்றால் கிடைக்காத பாகமான ஹவுசிங் விரிசல் விடும்.

அரிய கார் என்றாலே எல்லாப் பாகமும் அரியது என்று பொருளில்லை. 1966இன் ஜென்சன் இன்டர்செப்டரில் இருப்பது கிரைஸ்லர் வி8. டி டொமாசோ பன்டேராவில் ஃபோர்டு 351 கிளீவ்லாண்ட். ஃபாசெல் III இல் வோல்வோ பி18. இந்த எஞ்சின்களுக்குத் தட்டுப்பாடே கிடையாது. விளக்குகளிலும் இதே கதை: ஜாகுவார் எக்ஸ்ஜே220 இன் பின்விளக்கு ரோவர் 200 இலிருந்து வந்தது, பிற்கால லம்போர்கினி டியாப்லோவின் முன்விளக்கு நிசான் 300இசட்எக்ஸ் உடையது. அரிய மாடலின் பெயரில் விலை கேட்கும் முன், சப்ளையரின் முத்திரையும் எண்ணும் பாகத்தில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எஞ்சினுக்குள்ளே

பழைய சரக்கு நிஜமாகவே ஜெயிக்கும் இடம் பேரிங் ஷெல்லும் (கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் அரைவட்டத் தகடு) பிஸ்டனும். உலோகம் காய்ந்த இடத்தில் எண்ணெய்த்தாளில் சுற்றிக் கிடந்தால் கெடாது. ஆனால் ஸ்டாண்டர்டு அளவு எப்போதோ விற்றுத் தீர்ந்திருக்கும். மிஞ்சிக் கிடப்பது உள்விட்டம் 0.030, 0.040 அங்குலம் குறைந்த ஷெல்களே. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஷெல் கைக்கு வரட்டும், பிறகு அதன் அளவுக்குக் கிராங்க் ஷாஃப்டைக் கடையலாம். பிஸ்டனுக்கும் அப்படித்தான்: பிஸ்டன் வந்த பிறகே போரிங் (சிலிண்டர் துளையைப் பெரிதாக்குவது). பெரிய பிஸ்டன் கிடைக்காமல் ஸ்டாண்டர்டு மட்டும் கிடைத்தால் பிளாக்கில் லைனர் இறக்கி அந்த அளவுக்கே திரும்பலாம். கிராங்கைக் கடைபவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஜர்னலின் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதியின்) ஓரத்திலுள்ள வளைவு அப்படியே இருக்க வேண்டும். அதைக் கூர்மூலையாக்கிவிட்டால் கிராங்க் அங்கேதான் முறியும்.

வேறு எஞ்சினின் பிஸ்டனைப் பொருத்த நினைத்தால் துளை விட்டம் மட்டும் போதாது. பின்னின் விட்டம், பின் மையத்திலிருந்து தலைப்பகுதிவரை உயரம், தலையின் வடிவம் மூன்றும் ஒத்துவர வேண்டும். உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஹெட்டில் இடிக்கும் எஞ்சின்கள் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் ஷெல்லே இருக்காது. ஒயிட் மெட்டலை நேரடியாக ஊற்றியிருப்பார்கள். ஏறக்குறைய 90 விழுக்காடு வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் செம்பும். மறுபடி ஊற்றுவதா, ஷெல்லுக்கு மாற்றுவதா என்பது ஓயாத சண்டை. ஒயிட் மெட்டல் அழுக்கையும் சிறு துகளையும் தன்னுள் அமிழ்த்திக்கொள்ளும், கிராங்கைக் காப்பாற்றும், பிளாக்கைக் கடைய வேண்டியதில்லை. ஊற்றுபவர் அடித்தளத்தில் வெள்ளீயம் சரியாகப் பூசாவிட்டால் உரிந்துவரும், தடிமனாக ஊற்றினால் சீக்கிரம் விரிசல் காணும். ஷெல் அதிக வேகம் தாங்கும், அடுத்த முறை மாற்றுவது எளிது. ஆனால் பிளாக்கையும் கனெக்டிங் ராடையும் ஒருமுறை கடைந்துவிட்டால் திரும்ப வழியில்லை. அதோடு ஷெல்லுக்கு அழுத்தத்துடன் ஆயில் வேண்டும். தெளிப்பு முறையில் ஓடும் எஞ்சினுக்கு ஷெல் மட்டும் மாற்றுவது தற்கொலை. கிராங்கில் ஆயில் வழி ஏற்கெனவே இருந்தால் ஷெல்லுக்குப் போங்கள். இல்லையென்றால் நல்ல ஊற்றுக்காரரைத் தேடுங்கள். எதுவானாலும் ஜர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு ஓராயிரத்தில் ஒரு அங்குலம் என்ற இடைவெளியிலிருந்து கணக்கைத் தொடங்கலாம்.

வார்ப்பதா, அச்சிடுவதா

பழைய பாகத்தையே மாதிரியாக மணலில் அழுத்தி வார்ப்பது பலரும் செய்யும் தவறு. அலுமினியம் ஆறும்போது சுமார் 1.3 விழுக்காடு சுருங்கும், வார்ப்பிரும்பு சுமார் 1 விழுக்காடு. 150 மி.மீ. தூரத்திலிருந்த இரண்டு போல்ட் துளைகள் அலுமினிய நகலில் 148 மி.மீ.க்கு வந்துவிடும். கடைசல் வேண்டிய முகங்களில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சதையும் கூடுதலாக வேண்டும்.

முப்பரிமாண அச்சின் உண்மையான பலம் இங்கேதான்: பாகத்தை அச்சிடுவதைவிட மாதிரியை அச்சிடுங்கள். அளவெடுத்து வரைந்து, சுருக்கத்துக்கு ஏற்ப 1.3 விழுக்காடு பெரிதாக்கி, பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, மணல் வார்ப்புக்குக் கொடுத்தால் பழைய முறையும் புதியதும் கைகோக்கும். நேரடியாகப் பிளாஸ்டிக் பாகம் வேண்டுமென்றால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வகை வேண்டாம், 60 பாகையிலேயே இளகும், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் அந்தச் சூடு எளிதாக வரும். ஏ.பி.எஸ். வகை சுமார் 100 பாகைவரை நிற்கும், பெட்ரோல் பட்டால் கெடும். எஞ்சின் அறைக்குள் நைலான்தான் ஓரளவு தாங்கும்.

உலோகத்தை நேரடியாக அச்சிடுவதும் சாத்தியமே. மொத்தம் 292 மட்டுமே செய்த போர்ஷ் 959க்குக் கிளட்ச் ரிலீஸ் லீவரை அந்தக் கம்பெனியின் பழங்கார் பிரிவான போர்ஷ் கிளாசிக் லேசர் உருக்கு முறையில் எஃகுத் தூளிலிருந்து செய்தது. ஏறத்தாழ மூன்று டன் அழுத்தத்தில் சோதித்தார்கள். இதில் அச்சைவிட சோதனை முக்கியம். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகத்தைத் தனியாள் அச்சிட்டு, சோதிக்காமல் மாட்டக் கூடாது.

இக்னிஷன்

டிஸ்ட்ரிபியூட்டரில் மறுதயாரிப்பு கண்டென்சர்கள் (பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கெப்பாசிட்டர்கள்) அடிக்கடி ஏமாற்றுபவை. சூடானதும் எஞ்சின் நின்று, ஆறினால் மறுபடி கிளம்பினால் முதல் சந்தேகம் அதன்மேல் இருக்கட்டும். பழைய சரக்குக் கண்டென்சரும் உள்ளே ஈரம் ஏறிக் கெட்டிருக்கலாம். சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கொண்ட நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டரை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே, சூடு படாத இடத்தில் பொருத்தினால் தொல்லை தீரும். மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவதும் நல்ல வழியே. ஆனால் அது போகும்போது முன்னறிவிப்பின்றிப் போகும். பாயின்ட், கண்டென்சர் பூட்டிய பழைய தட்டை டிக்கியில் வைத்திருங்கள்.

கழற்றிய கார் எதற்கு

முழு வண்டியாக ஒரு கழிவுக் கார் கிடைத்தால், எஞ்சினுக்காக வாங்காதீர்கள். எஞ்சினுக்கு மேலே சொன்ன வழிகள் எல்லாம் உண்டு. கண்ணாடிக்காக வாங்குங்கள். வளைந்த விண்ட்ஷீல்டுக்கு அச்சு செய்வது பெருஞ்செலவு. பக்கவாட்டு டஃபன்டு கண்ணாடியை வெட்டிச் சிறிதாக்கவும் முடியாது, தொட்டால் பொடியாகும். அடுத்து விளக்குக் கண்ணாடிகள், பூட்டுகள், வயரிங் கனெக்டர்கள். ஆக்சிலின் பல்சக்கரங்களான கிரவுன் வீலையும் பினியனையும் ஜோடியாகவே எடுங்கள். ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியவை, தனித்தனியாகச் சேர்த்தால் ஊளையிடும். துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடி, கார்புரேட்டர் உடல் போன்றவற்றில் கொப்புளமோ வலைவிரிசலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது உள்ளேயே நொறுங்கத் தொடங்கிவிட்டது.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், ஸ்டீயரிங் ஆர்ம் எடுத்தால் மாட்டுவதற்கு முன் விரிசல் சோதனை கட்டாயம்: இரும்புக்குக் காந்தத்தூள், அலுமினியத்துக்குச் சாயம். பழைய பிரேக் ஷூக்களை ஏர் கன்னால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நனைத்துத் துடையுங்கள். ஷூவின் இரும்புப் பகுதி பத்திரமாக இருந்தால் புது லைனிங் ஒட்டியோ ரிவிட் அடித்தோ காலத்துக்கும் ஓட்டலாம்.

சேர்த்துவைப்பதிலும் கணக்கு வேண்டும். கண்ணாடியை நிமிர்த்தி, இடையில் துணி கொடுத்து வையுங்கள். கடைந்த உலோகத்தைக் கிரீஸ் பூசி எண்ணெய்த்தாளில் சுற்றி, எந்த அளவு, எந்த வண்டி என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். ரப்பரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் கிழடாகும்.