கிராபிக்ஸ் கார்டு வாங்க மலையிறங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோயம்புத்தூரில் கணினி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவர், நீங்கள் நீலகிரியிலிருந்து வருகிறீர்கள் என்று தெரிந்தவுடன் முகம் மலர்ந்து தேநீர் வரவழைத்தால், பில் கைக்கு வரும்வரை அந்தத் தேநீரைத் தொடாதீர்கள். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அந்த ஊரில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் காட்டிய வித்தையை மலைக்காரர்கள் பலரிடமும் காட்டியிருக்கிறார்கள் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

கோத்தகிரியில் திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். இரவில் விளையாட்டு. கணினியில் ரைசன் 5 3600 பிராசசரும், ஜி.டி.எக்ஸ். 1650 என்ற கிராபிக்ஸ் கார்டும் (திரையில் படத்தை உருவாக்கும் பாகம்) இருந்தன. இரண்டு வேலைக்கும் அந்தக் கார்டு போதவில்லை என்பதால் 12 ஜி.பி. நினைவகமுள்ள ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டும், 2560×1440 அளவுப் படத்தை 144 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 144 முறை, புதுப்பிக்கும் 27 அங்குல மானிட்டரும் வாங்கப் போனேன். “சார், இந்தக் கார்டுக்கு உங்கள் பழைய பவர் சப்ளை தாங்காது, 650 வாட் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் கடைக்காரர். இதில் தவறு சொல்ல முடியாது. என்னிடமிருந்த 1650 கார்டு 75 வாட்டுக்குள் அடங்குவது, அதற்குத் தனி மின்கம்பிகூடக் கிடையாது. 3060 கார்டு 170 வாட் கேட்கும்; அதன் சிப்பை உருவாக்கிய என்விடியா நிறுவனமே அதற்கு 550 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறது. காரணம் சரி, அவர் எடுத்துக் கொடுத்த பொருள்தான் சரியில்லை. என் பழைய 450 வாட் பவர் சப்ளை நல்ல நிறுவனத்துடையது. அதை எக்ஸ்சேஞ்சு என்று சொல்லிச் சில நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். பழைய கார்டையும் கேட்டார். அக்கா மகனுக்கு வேண்டும் என்று சொல்லி அதை மட்டும் கொடுக்கவில்லை. பின்னால் உண்மையை வெளியே கொண்டுவந்தது அந்தக் கார்டுதான்.

வீட்டில் இணைத்தவுடன் வந்த முதல் குறை சிறியது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸில் ஓடவில்லை. விண்டோஸில் டிஸ்பிளே அமைப்புக்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே பகுதிக்குப் போய்ப் பார்த்தால் பட்டியலில் 60-உம் 75-உம் மட்டுமே இருந்தன. தொலைபேசியில் கேட்டபோது கடைக்காரர் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன்: “மலையில் வோல்டேஜ் குறைவு சார், அதனால் 144 ஏறாது.” நாடு முழுவதும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில்தான் வருகிறது. மானிட்டர் ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதற்கும் அந்த 50-க்கும், வோல்டேஜுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மின்வாரியத்தின் மேல் எனக்கும் ஆயிரம் குறைகள் உண்டு, ஆனால் இந்தப் பழியை அவர்கள் தலையில் போட மனம் வரவில்லை.

உண்மைக் காரணம் கேபிள். கணினியையும் மானிட்டரையும் இணைக்க அவர் கொடுத்தது 1.4 தரத்து எச்.டி.எம்.ஐ. கேபிள். அந்தத் தரத்தில் நொடிக்கு 10.2 ஜிகாபிட்டுக்கு மேல் போகாது. இந்த அளவுப் படத்தை 144 முறை அனுப்ப அது போதாது. டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பின் 1.2 தரத்தில் 21.6 ஜிகாபிட் போகும், தாராளமாகப் போதும். மானிட்டர் பெட்டியின் மேலேயே ‘உள்ளே டிஸ்பிளேபோர்ட் கேபிள் உண்டு’ என்று படம் போட்டு அச்சிட்டிருந்தது. உள்ளே இல்லை. “சில பெட்டியில் வராது சார்” என்று சொல்லி, 600 ரூபாய்க்குத் தனியாக ஒரு கேபிளைக் கூரியரில் அனுப்பிவைத்தார்.

அந்தக் கேபிளை மாட்டியதும் 144 வந்துவிட்டது. மறுநாள் காலையில் கணினி உயிர்பெறவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிடும். முந்தைய இரவு அணைத்த பிறகும், எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டில் ஒரு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. கடையில் சொன்னபோது ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் வந்தது: “பனி சார், ஈரம் இறங்கி மதர்போர்டு போயிருக்கும். கொண்டுவாருங்கள்.”

மலைவாசிகளுக்கு இந்தப் பதில் புதிதில்லை. செல்பேசி கெட்டாலும், மிக்சி கெட்டாலும், பைக் கிளம்பாவிட்டாலும் கீழே இருப்பவர்களுக்குப் பனிதான் குற்றவாளி. ஈரம் தொல்லை தருவது உண்மை. குளிர்ந்த கணினியைத் திடீரென்று வெதுவெதுப்பான, ஈரக்காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு இயக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்காக அதே அறையில், அதே மேசையில் ஓடிய மதர்போர்டு, புதிய கேபிள் வந்த மறுநாள் பார்த்தா ஈரத்தில் கெட்டுப்போகும்?

பெட்டியைச் சுமந்துகொண்டு மேட்டுப்பாளையம் வழியாக இறங்கினேன். கடையில் வைத்து இயக்கினால் ஓடுகிறது. ஓடாதா பின்னே, அங்கே மாட்டியது வேறு மானிட்டர், வேறு கேபிள். “சர்வீஸ் செய்துவிட்டோம், போர்டில் ஈரம் இருந்தது” என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து கேபிளை மாட்டினேன். மறுநாள் காலையில் பழைய கதை. இந்தமுறை “பிராசசராக இருக்கும்” என்றார்கள். பிராசசரின் விலையையும் சொன்னார்கள்.

அந்த இடத்தில் கடையை விட்டுவிட்டு, குன்னூரில் கணினி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். மானிட்டரையும் எல்லாக் கேபிள்களையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். கணினி கிளம்பாத நிலையில் வைத்துக்கொண்டு, டிஸ்பிளேபோர்ட் கேபிளை மட்டும் உருவிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். ஓடியது. டிஸ்பிளேபோர்ட்டில் 20-ஆம் பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. மானிட்டரையும் கணினியையும் இணைக்கும் சாதாரணக் கேபிளில் அந்தப் பின்னை இரு முனைக்கும் சேர்த்து இணைக்கவே கூடாது என்பது விதி. மலிவான கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரிலிருந்து மின்சாரம் கார்டு வழியாகக் கணினிக்குள் பின்வாசலில் நுழைந்து, கிளம்பும் நேரத்தில் குழப்புகிறது. அணைத்த பிறகும் எரிந்த விளக்கின் ரகசியம் இதுதான். அவர் தன்னிடமிருந்த வேறு கேபிளைக் கொடுத்தார். மதர்போர்டு அன்றிலிருந்து இன்றுவரை ஒரு குறையும் சொல்லவில்லை. சர்வீஸ் என்று வாங்கிய 3,500 ரூபாய்க்கு என்ன செய்தார்கள் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது நோய் இதைவிடக் கொடியது. கனமான விளையாட்டைத் தொடங்கிச் சில நிமிடங்களில் கணினி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்து மறுபடி கிளம்பும். நீலத்திரை கிடையாது. விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருக்கும், கோளாறைச் சொல்லும் பக்செக் எண் பூஜ்யமாக இருக்கும். பெரும்பாலும் மின்சாரம் திடீரென்று நின்றுபோனதற்கான அடையாளம் அது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை முழுவதுமாக நீக்கிவிட்டு மறுபடி போட்டும் மாற்றமில்லை. குன்னூர் அண்ணன் சொல்லித்தந்த சோதனை எளிமையானது. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 65 சதவீதமாகக் குறைத்து விளையாடிப் பார்த்தேன், அணையவில்லை. வரம்பை 100-க்கு ஏற்றினேன், அணைந்தது. பழைய 1650 கார்டைப் போட்டேன், இரவு முழுவதும் ஓடியது. மதர்போர்டோ பிராசசரோ கெட்டிருந்தால் பழைய கார்டிலும் தொல்லை வந்திருக்க வேண்டும். சந்தேகம் பவர் சப்ளையின் மேல் வந்து நின்றது.

அதைக் கழற்றிப் பார்த்தோம். முகப்பில் 650 என்று உள்ளங்கை அகலத்தில் எழுத்து. கேபினெட்டுக்குள் சுவரை ஒட்டி மறைந்துபோகும் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை. அதில் 12 வோல்ட் வரிசையில் 22 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஐ 22-ஆல் பெருக்கினால் 264 வாட். இன்றைய கணினியில் கார்டும் பிராசசரும் இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் உண்கின்றன. உண்மையான 650 வாட் பவர் சப்ளையில் அந்த இடத்தில் 50 ஆம்பியருக்கு மேல் இருக்கும். கார்டுக்கு 170, பிராசசருக்கு ஏறத்தாழ 90, மீதிப் பாகங்களுக்குக் கொஞ்சம் என்று கூட்டினாலே 264 நிரம்பிவிடுகிறது. கார்டு நொடியின் சிறு பகுதிக்குள் திடீரென்று அதிகம் இழுக்கும்போது பவர் சப்ளை கையை விரித்துவிடுகிறது. கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்ட என் பழைய 450 வாட், இந்த 650-ஐவிட நிச்சயம் பலசாலி. எதை வாங்கினாலும் அந்தச் சிறிய அட்டவணையைப் பாருங்கள். பெருக்கல் தெரிந்தால் போதும்.

வேறு பவர் சப்ளை வாங்கிப் போட்டேன். அணைவது நின்றது. அப்போதுதான் மூன்றாவது விஷயம் தெரியவந்தது. அதுவரை புதிய கார்டில் முழுச்சுமையில் விளையாட்டு அவ்வளவு நேரம் ஓடியதே இல்லை. பத்து நிமிடத்தில் கார்டின் விசிறிகள் கதறின, படம் திக்கித் திக்கி நகர்ந்தது. வெப்பநிலையைப் பார்த்தால் கார்டின் மையம் 84 டிகிரி, அதிகச் சூடான புள்ளி 107. பொதுவாக இந்த இரண்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருக்கும். இது நடந்தது மார்கழியில், கோத்தகிரியில், நான் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்த அறையில். சென்னையில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் வெயிலைக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம். எங்கள் ஊர்க் குளிரில் ஒரு புதிய கார்டு இப்படிக் கொதிக்க முடியாது. இதே குளிரைத்தானே அவர்கள் மதர்போர்டைக் கொன்ற குற்றவாளி என்றார்கள்!

கார்டின் பின்புற ஸ்டிக்கரில் இருந்த வரிசை எண்ணும் பெட்டியின் மேல் இருந்த எண்ணும் ஒன்றில்லை. கார்டின் எண்ணை அதைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பிக் கேட்டேன். 2021-இல் விற்ற கார்டு, மூன்று ஆண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற மின்னணு நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளைக் கணக்குப் போடவைத்துச் சம்பாதிக்கும் ‘தோண்டும்’ முறையைக் கைவிட்டதும், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுவதும் பழைய பொருள் சந்தையில் கொட்டின. என்னுடையது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா, வேறு எங்காவது உழைத்துத் தேய்ந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. புதியது இல்லை என்பதை நிரூபிக்க முடியும், அது போதும். பழைய கார்டைப் பழையது என்று சொல்லி விலை குறைத்து விற்றால் நானே வாங்கியிருப்பேன்.

“அது உங்கள் வீட்டில் மாறியிருக்கும்” என்பது கடைக்காரரின் அடுத்த பதில். அவர் எதிர்பாராதது ஒன்று இருந்தது. கடையிலேயே பெட்டியைத் திறந்து, கார்டையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை அங்கிருந்தே நண்பர்கள் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். பெருமைக்காக அனுப்பிய படம்தான். ஆனால் தேதியும் நேரமும் இரண்டு எண்களும் அதில் தெளிவாக இருக்கின்றன.

ஆகவே, கீழே போய் வாங்குகிறவர்கள் பெட்டிகளைக் கடையிலேயே திறந்து எண்களைப் படமெடுங்கள். பில்லில் மாடலும் நினைவக அளவும் வரிசை எண்ணும் எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் ‘கம்ப்யூட்டர் பாகங்கள்’ என்றே எழுதப் பார்த்தார்கள். 3060 கார்டில் 8 ஜி.பி. என்றொரு வலுக்குறைந்த வகையும் உண்டு என்பதால் விடாமல் நின்று எழுதவைத்தேன். பில் இல்லாவிட்டால் 18 சதவீத வரி மிச்சமாகும் என்ற ஆசைகாட்டல் கட்டாயம் வரும். அந்தப் பணம் உங்கள் ஒரே சாட்சியின் விலை. தமிழ்நாட்டுக் கடையின் ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும், 15 இலக்கம் இருக்கும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சரிபார்க்கலாம். முடிந்தால் உங்கள் கணினியையே கொண்டுபோய், அங்கேயே அரைமணி நேரம் கார்டை முழுச்சுமையில் ஓடவிட்டு, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜி.பி.யூ.-இசட் மென்பொருளில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நாம் பறப்பது அவர்களுக்குத் தெரியும், அந்த அவசரத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். பழைய பாகங்களை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

ஏமாந்தவர்கள் வழக்குப் போடக் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு உதகையில் இருக்கும் மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலும் பதியலாம். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை என்ற கணக்கில் வருகின்றன.

நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிந்தேன். அதுவரை எடுக்காத தொலைபேசியைக் கடைக்காரர் தானே எடுத்து அழைத்தார், “தம்பி, இதற்கெல்லாம் எதற்குப் புகார்” என்றார். சார் தம்பியானது அன்றுதான். வேறு கார்டு தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். கார்டுக்கான பணம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. பவர் சப்ளை, கேபிள், செய்யாத சர்வீஸ் ஆகியவற்றுக்கான தொகையையும் நான் அலைந்த செலவையும் தர மறுக்கிறார். அதற்கான மனு இப்போது உதகை ஆணையத்தில் இருக்கிறது. அந்த 264 வாட் பவர் சப்ளையை அட்டவணை தெரியும்படி படமெடுத்து ஆவணங்களோடு சேர்த்திருக்கிறேன். இதே போன்ற பில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனு எழுதும் முறையைப் பகிர்கிறேன்.