துறைத்தலைவரா, புராஜெக்ட் கைடா? பிஎச்டி விண்ணப்பத்துக்கு யாரிடம் கடிதம் கேட்பது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பிஎச்டிக்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கின்றன. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்எஸ்சி முடித்தவர்கள் அதில் ஒன்றைத் துறைத்தலைவருக்கு, இன்னொன்றை முதல்வருக்கு என்று பதவி பார்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். பதவியைப் பார்த்து அங்கே யாரும் சீட் தருவதில்லை. உங்களால் ஆராய்ச்சி செய்ய முடியுமா என்பதற்குக் கண்ணால் பார்த்தவரின் சாட்சி வேண்டும்.

துறைத்தலைவர் உங்களுக்கு ஒரு பேப்பர் மட்டும் எடுத்திருந்தால், "ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர், முதல் ரேங்க்" என்பதைத் தாண்டி எழுத அவரிடம் ஒன்றும் இருக்காது. ரேங்க் ஏற்கெனவே மார்க்‌ஷீட்டில் இருக்கிறது. கைடுக்குத் தெரிந்தது வேறு. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கதிரியக்கம் அளக்கும் புராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். மணலை டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து, ஏறக்குறைய ஒரு மாதம் வைத்த பிறகுதான் அளக்க வேண்டும். ரேடியம் சிதைந்து உண்டாகும் ரேடான் வாயுவும் அதன் வழித்தோன்றல்களும் ரேடியத்தோடு சமநிலைக்கு வர அத்தனை நாள் ஆகும். ஒரு டப்பாவில் மட்டும் ரேடியம் அளவு குறைவாக வந்தது. மாணவி அதை அப்படியே அட்டவணையில் ஏற்றாமல், மூடி வழியே ரேடான் கசிந்ததைக் கண்டுபிடித்து, திரும்ப அடைத்து, மறுபடி ஒரு மாதம் காத்திருந்து அளந்தார். இதை எழுதக்கூடியவர் கைடு மட்டுமே. அவர் நேற்றுச் சேர்ந்த உதவிப் பேராசிரியராக இருந்தாலும் அவரே முதல் கடிதத்துக்கு உரியவர். துறைத்தலைவரே கைடாக இருந்தால் பிரச்சினையே இல்லை.

கைடா, திருவனந்தபுரத்தில் கோடை இன்டர்ன்ஷிப் பார்த்த இடத்து விஞ்ஞானியா என்றால், இரண்டு பேருமே வேண்டும். ஐசர் (IISER), நிஸ்ட் (CSIR-NIIST) போன்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர் பல ஊர் மாணவர்களைப் பார்த்திருப்பார். மாணவர் முதல் 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா என்று பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் போர்ட்டல் கேட்கும்போது அவர் போடும் டிக்குக்குத் தனி எடை உண்டு. ஆனால் இரண்டு மாதமும் உங்களுக்குச் சொல்லித்தந்தது அந்த லேபின் ஆராய்ச்சி மாணவர்தான் என்றால், விஞ்ஞானிக்கு உங்கள் முகமே ஞாபகம் இருக்காது. அப்போது அந்த மாணவரிடம் குறிப்பு வாங்கி எழுதித் தரும்படி விஞ்ஞானியைக் கேளுங்கள். கடிதம் விஞ்ஞானி பெயரில் வரட்டும்.

மூன்றாவது இடத்துக்குக் கடினமான பேப்பர் எடுத்த ஆசிரியர் போதும். கம்பெனி மேனேஜர், வேலை ஆராய்ச்சி சார்ந்ததாக இருந்தால் மட்டும். ஓய்வுபெற்றவரைக் கேட்பதானால், கல்லூரி மின்னஞ்சல் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். சில போர்ட்டல்கள் ஜிமெயிலை ஏற்பதில்லை.

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடுறேன்" என்பவரைவிட நேரம் எடுத்துத் தானே எழுதுபவர் மேல். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார், விண்ணப்பமே போய்விடும். அதற்குப் பதில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: புராஜெக்ட்டில் நீங்கள் செய்தது, எங்கே தடைபட்டது, எப்படிச் சரிசெய்தீர்கள். கூடவே மார்க்‌ஷீட், எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்கக் கட்டுரை), பல்கலைக்கழகப் பட்டியல்.

கேட்கும் விதமும் முக்கியம். "சார், என்னைப் பத்தி ஸ்ட்ராங்கா எழுத முடியுமா?" என்றே கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று போர்ட்டல் கேட்கும். ஆம் என்று கொடுங்கள். மாணவர் பார்க்கக்கூடிய கடிதத்தை அங்கே அவ்வளவாக நம்புவதில்லை.

கெடு பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் 15 வரை. நம் ஆசிரியர்களுக்கு நவம்பரில் செமஸ்டர் தேர்வு, அடுத்து வேல்யூவேஷன், பிறகு கிறிஸ்துமஸ். அதனால் அக்டோபர் முதல் வாரமே கேட்டுவிட வேண்டும். சில போர்ட்டல்கள் நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் ஆசிரியருக்கு லிங்க் அனுப்பும். அதை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். லிங்க் ஸ்பாமில் விழும். அனுப்பிய அன்றே போன் செய்து, "மேடம், ஸ்பாமையும் ஒருதடவை பாருங்க" என்று சொல்லுங்கள். கெடு நியூயார்க் நேரம் இரவு 11:59 என்றால் இங்கே மறுநாள் காலை 10:29. ஆசிரியருக்குக் கொடுக்கும் பட்டியலில் அதற்கு ஒரு வாரம் முந்தைய தேதியைப் போடுங்கள்.