ஸ்டாக் குட்டையானது, கிரிப் குறையவில்லை: சிறிய கைகளுக்கு ஷாட்கன் ஸ்டாக்

தோளில் ஊன்றும் பின்பகுதியான ஸ்டாக்கின் நீளத்தை, ஸ்பேசர் என்ற இடைத்தகடுகள் வைத்து மாற்றும் பாலிமர் (பிளாஸ்டிக்) ஸ்டாக்குகளின் விலை இறங்கியதும், "கை சின்னது, இதை வாங்கலாமா?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. 12 கேஜ் குழல் அளவுள்ள, முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கியில் இந்த வகை ஸ்டாக்கை நெடுநாள் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் "சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு ஏற்றது" என்ற வரியில் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஸ்பேசரும் அரை அங்குலம். எல்லாவற்றையும் கழற்றினால் ட்ரிகரிலிருந்து, பட் என்ற பின்முனை வரையுள்ள நீளம் பன்னிரண்டரை அங்குலத்துக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கான துப்பாக்கிகள் 14 அங்குலத்தை ஒட்டி வருவதால், தோளும் கழுத்தும் சிறியவர்களுக்கு இந்த ஒன்றரை அங்குலம் பெரிய விடுதலை. பின்னுதைப்பைத் தாங்கும் ரீகாயில் பேட் அருமை. மென்மையாக இருந்தும் தோள் துணியில் சிக்காமல் ஏறுகிறது. ரிசீவரோடு (துப்பாக்கியின் நடு உடற்பகுதி) பொருந்தும் இடத்தில் ஆட்டமே இல்லை. மழையில் நனைந்தாலும் அளவு மாறாது.

இனி குறை. ஸ்பேசர்கள் உட்காருவது ஸ்டாக்கின் பின்முனையில். கை பிடிக்கும் இடமான கிரிப்புக்கும் ட்ரிகருக்கும் இடையே உள்ள தூரத்தை அவை ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றுவதில்லை. கிரிப்பின் சுற்றளவும் அப்படியே. ஸ்டாக்கின் நீளம் கழுத்து, தோள், புஜம் ஆகியவற்றுக்கான கணக்கு. உள்ளங்கைக்கும் விரலுக்கும் உரிய கணக்கு கிரிப்பில் இருக்கிறது. சந்தையில் "குட்டை ஸ்டாக்" என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை முதல் கணக்கை மட்டும் தீர்த்துவிட்டு, இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்கின்றன.

இதனால் என்ன ஆகிறது? விரல் எட்டாத கை தானாக இரண்டு வழிகளில் ஒன்றைத் தேடும். ஒன்று, கிரிப்பில் முன்னால் நழுவும். அப்போது நடுவிரலின் கணு, ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டின் பின்புறத்தை ஒட்டி நிற்கும். ஒவ்வொரு குண்டுக்கும் கார்டு பின்னால் வந்து அதே கணுவில் இடிக்கும். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட்டில் ஒரு ரவுண்ட் என்பது 25 தோட்டா. முடிப்பதற்குள் கணு வீங்கிவிடும். மற்றொன்று, மணிக்கட்டு பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு விரலை ட்ரிகருக்குக் கொண்டுபோகும். அப்போது விரல் ட்ரிகரை நேர் பின்னால் இழுக்காமல் ஓரமாகத் தள்ளுகிறது. வலக்கைக்காரருக்குக் குழல் இடப்பக்கம் சற்றே நகரும். பறக்கும் களிமண் தட்டைத் தவறவிட இது போதும். பயிற்சியாளர் "தலையைத் தூக்குகிறாய்" என்று திட்டுவார். காரணம் தலையில் இல்லை, கிரிப்பில்.

கடையிலேயே சோதித்துவிடலாம். துப்பாக்கி காலியா என்று சேம்பரிலும் (குழலில் தோட்டா உட்காரும் அறை) மேகசினிலும் (மற்ற தோட்டாக்கள் இருக்கும் இடம்) கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். சுடும் நிலையில் இயல்பாகப் பிடித்து, விரலின் முதல் மூட்டுக்கு முன்னுள்ள சதை ட்ரிகரின் நடுவில் படுகிறதா என்று பாருங்கள். நகத்தை ஒட்டிய நுனி மட்டும்தான் தொடுகிறது என்றால் எட்டவில்லை. அடுத்து, நடுவிரலுக்கும் கார்டுக்கும் இடையே கொஞ்சமாவது இடைவெளி வேண்டும். கட்டைவிரல் கிரிப்பைச் சுற்றி வந்து நடுவிரலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் நாளடைவில் கட்டைவிரலை மேலே படுக்கவைக்கும் பழக்கம் வரும், அது மூக்கிலும் கன்னத்திலும் இடிக்கும்.

முழங்கை மடிப்பில் ஸ்டாக்கின் பின்முனையை வைத்து, விரல் ட்ரிகருக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப வேண்டாம். கழுத்தின் நீளம், கன்னத்தின் அகலம், உடையின் தடிமன் எதுவும் அதில் வராது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, மூக்குக்கும் கட்டைவிரல் கணுவுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் அகலம் இருக்கிறதா என்று பார்ப்பது மேல். சிறிய கை என்ற ஒரே காரணத்துக்காக எல்லா ஸ்பேசரையும் உருவிவிட்டால் இந்த இடைவெளி காணாமல் போய், கட்டைவிரல் மூக்கில் மோதும். கை சிறியதாகவும் கழுத்து நீளமாகவும் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு வேண்டியது நீள ஸ்டாக்கும் மெலிந்த கிரிப்பும். இந்த ஸ்டாக் கொடுப்பது அதற்கு நேர் எதிரானது.

கிரிப்பின் வடிவம் பற்றி ஒரு வார்த்தை. நேரான இங்கிலீஷ் கிரிப் மெலிதாக இருக்கும், கை முன்பின் நகர இடம் தரும். சிறிய கைகளுக்கு அது பெரும்பாலும் வசதி. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற அரைவளைவும் அப்படித்தான். இறுக்கமாக வளைந்த முழு பிஸ்டல் கிரிப் கையை ஓரிடத்தில் பூட்டிவிடும். அந்த இடம் ட்ரிகருக்கு அருகில் இருந்தால் சுகம், இல்லாவிட்டால் தப்ப வழியில்லை. உள்ளங்கையை நிரப்பும் புடைப்பு உள்ள கிரிப்புகளைச் சிறிய கைக்காரர்கள் பிடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. சேஃப்டி (சுடாமல் பூட்டும் பொத்தான்) இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். மாஸ்பெர்க் 500 பம்ப் துப்பாக்கியில் அது ரிசீவரின் மேல் பின்புறத்தில் உள்ளது. செங்குத்தான கிரிப் போட்டால் பிடியைத் தளர்த்தாமல் கட்டைவிரல் அங்கே போகாது. ரெமிங்டன் 870-இல் ட்ரிகருக்குப் பின்னால் குறுக்கு பட்டன், அதனால் இந்தத் தொல்லை இல்லை.

மர ஸ்டாக் என்றால் குறைக்கு மருந்து உண்டு. கார்டுக்குப் பின்னால் நடுவிரல் உட்காரும் முன்வளைவிலும் இரு பக்கங்களிலும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்று நாற்பது என்று உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசிவிடலாம். பிடி வழுக்காமலிருக்க வெட்டிய செக்கரிங் கோடுகள் போய்விடும், திரும்ப வெட்ட வேண்டும். ஸ்டாக்கை ரிசீவரோடு இணைக்கும் போல்ட்டின் துளை எங்கே ஓடுகிறது என்று கழற்றி அளந்த பிறகே அரத்தை எடுக்க வேண்டும். ஸ்டாக் பிளக்கும் இடமே கிரிப் இருக்கும் இந்தக் கழுத்துப் பகுதிதான், அதனால் மனம் கேட்கும் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே எடுங்கள். பாலிமர் ஸ்டாக்கில் இதெல்லாம் நடக்காது. உள்ளே வெற்றிடம், சுவர் மெலிது. அரம் போட்டால் ஓட்டை.

ட்ரிகரை முன்பின் நகர்த்தக்கூடிய போட்டித் துப்பாக்கிகளில் இன்னொரு வழி உண்டு. 5 மி.மீ. பின்னால் கொண்டுவந்தால் எட்டும் தூரம் 5 மி.மீ. குறையும். ஸ்டாக்கின் நீளமும் அதே அளவு குறையும் என்பதை மறந்துவிடாமல் பட் பக்கம் ஈடுகட்ட வேண்டும். இத்தாலிய நிறுவனமான சீசர் குரினியின் சைரன் துப்பாக்கி வரிசை பெண்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதில் நீளத்தோடு கிரிப்பையும் யோசித்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அதற்கு மனம் வராதது ஏன் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த ஸ்டாக்கையே வாங்குகிறவர்கள் திருகாணிகளைக் கவனிக்க வேண்டும். ஸ்பேசரைக் கழற்றிய பிறகு பழைய நீள ஆணியையே போட்டால் முனை உள்ளே முட்டி நிற்கும். பேட் இறுகியது போலத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. இன்னும் திருகினால் மரை போய்விடும். ஆணி கழலாமலிருக்கப் பூசும் திரவத்தைப் பாலிமரில் படவிடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகளில் அது வெடிப்பு உண்டாக்கும். ரிசீவரைப் பிடிக்கும் பெரிய போல்ட்டையும் அவ்வப்போது இறுக்கிப் பாருங்கள்.

நீளம் குறைத்ததும் எடை முன்னால் சாயும், கன்னம் படும் இடமும் மாறும். 16 கஜத்தில், குண்டுச் சிதறல் எங்கே விழுகிறது என்று காட்டும் பேட்டர்ன் பலகை வைத்துச் சுடுங்கள். அங்கே ஒரு அங்குல விலகல் என்றால் ஸ்டாக்கில் பதினாறில் ஒரு பங்கு அங்குல மாற்றம் தேவை என்பது வழக்கமான கணக்கு.

ஆக, பேட், உறுதி, நீளம் மாற்றும் வசதி எல்லாவற்றிலும் இது முதல் தரம். ஆனாலும் சிறிய கைக்கு இதை வாங்காதீர்கள். இதே பணத்துக்கு மெலிந்த கழுத்துள்ள பழைய மர ஸ்டாக் ஒன்றைத் தேடி வாங்கி, நீளத்தை அளவாக வெட்டி, நல்ல பேட் ஒன்றைப் பொருத்துங்கள். வெட்டும் முன் பேட்டின் தடிமனை நீளக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.