800 டாலருக்கு மாப்பிள்ளை வீட்டு வம்சாவளி

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். முதலில் இரண்டுதான் போடுவதாக இருந்தேன்.

மாப்பிள்ளையின் முன்னோர் சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு வந்த, மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள். அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், வம்சாவளி தேடித் தரும் ஒரு நிறுவனத்திடம் 800 டாலர் கட்டினேன். பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்கட்டும். நான்கு மாதத்தில், வழவழ தாளில் 62 பக்கப் புத்தகம் வந்தது. அட்டையில் ஆல்ப்ஸ் மலை, மணி கட்டிய பசு.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்தே 27 வருடம் ஓட்டியவள். படத்தைத் தள்ளிவிட்டுத் தேதியைத்தான் பார்ப்பேன். முதலில் வந்தவர் 1717-ல் லங்காஸ்டர் பகுதியில் குடியேறினார் என்கிறது 9-ஆம் பக்கம். அவர் கப்பலிலிருந்து இறங்கியதும் ஃபிலடெல்ஃபியாவில், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியில் போட்ட கையெழுத்து என்று 11-ஆம் பக்கத்தில் ஒரு படம். 16 வயது தாண்டிய ஆண்கள் அப்படிக் கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடே 1727-ல்தான் வந்தது! பின்னால் வந்த வேறு யாரையோ இவர் தலையில் கட்டிவிட்டார்கள். குடும்பப் பெயர் மில்லர், அதாவது பழைய ம்யூல்லர். சுவிட்சர்லாந்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ம்யூல்லர். பெயரை மட்டும் நம்பி ஆளைப் பிடித்தால் இப்படித்தான்.

எழுதிக் கேட்டேன். வாதாடாமல் மூன்று வாரத்தில் திருத்தி அனுப்பினார்கள். மூன்றாவது நட்சத்திரம் அதற்குத்தான். திருத்திய பகுதி உண்மையிலேயே நல்ல வேலை. லங்காஸ்டர் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1729-ல் செஸ்டர் கவுன்ட்டியிலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்தைய வரிப் பட்டியலைச் செஸ்டரில் போய்த் தேடியிருக்கிறார்கள். மெனோனைட்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆகவே தேவாலயப் பதிவேட்டில் பிறப்பு அகப்படாது. உயிலையும் நிலப் பத்திரத்தையும் வைத்தே யார் யாருடைய மகன் என்று கோத்திருக்கிறார்கள். ஓர் உயிலில் ஒருவர் தன் மனைவிக்கு ஒரு பசுவும் ராட்டையும் எழுதிவைத்திருக்கிறார். மாப்பிள்ளை அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தார்.

சுவிஸ் பகுதி மட்டம். 1671-ல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் அனபாப்டிஸ்டுகளுக்கு (மெனோனைட்டுகளும் இவர்களில் சேர்த்தி) அரசின் நெருக்கடி முற்றியபோது, பலர் ஜெர்மனியில் ரைன் நதிப் பக்கமுள்ள பலாட்டினேட்டுக்குப் போனார்கள். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்களில் நிறையப் பேர் அவர்களின் வாரிசுகள். அந்த இடைப்பட்ட ஊரைத் தேடாமல் புத்தகம் நேரே பெர்னுக்குத் தாவுகிறது. அப்புறம், சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊருக்குப் பதில் பூர்வீக ஊர்தான் இருக்கும். எந்தக் குடும்பப் பெயருக்கு எந்தெந்தப் பூர்வீக ஊர் என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஏழு பக்கத்துக்கு அச்சடித்ததும் என் 800-இல் சேர்த்தி.

கேட்டால்தான் ஆவண நகல்களைத் தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பசு படங்களை எடுத்துவிட்டால் விலை குறையுமா என்றும் எழுதிப் பார்த்தேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.