துப்பாக்கியை உடன் கொண்டுபோவதா, இங்கேயே விற்பதா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறுவோர் சிலருக்கு, தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியை என்ன செய்வது என்பது பெரிய குழப்பமாக இருக்கிறது.

அனுமதி
கொண்டுபோக: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி இங்கிருந்து வெளியே எடுத்துச் செல்லப் பொதுவாக உரிமம் வேண்டும், ஆனால் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர் சொந்த உபயோகத்துக்கு அதைத் தனி உரிமமின்றி எடுத்துச் செல்லலாம்; அங்கே குடியேறும் மாநிலத்தின் துப்பாக்கி உரிமமும் இறக்குமதி அனுமதியும் கைக்கு வந்த பிறகே புறப்படுவது நல்லது. இரட்டைக் குழலுக்கு அங்கே தடையில்லை. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக், முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் வகைகளுக்கோ 1996 முதல் கடும் கட்டுப்பாடு.
விற்க: உரிமம் உள்ளவருக்கே விற்கலாம், கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும்.

செலவு
கொண்டுபோவதுதான் அதிகம், பழைய துப்பாக்கியின் விலையையே அது மிஞ்சக்கூடும்.

பராமரிப்பு
விற்றால் கவலையில்லை. கொண்டுபோனால் பூட்டிய இரும்புப் பெட்டகம் வேண்டும். உரிமமில்லாத உறவினர் வீட்டில் விட்டுச் செல்வது குற்றம். தவிரவும், துப்பாக்கி இங்கே இருக்கும்வரை, நீலகிரியின் மழைக்கால ஈரத்தில், எண்ணெய்த் துணி விட்டுத் துடைக்காத குழலின் உட்புறம் விரைவில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகிவிடும்.

அங்கே கிளே ஷூட்டிங்கை (வானில் எறியப்படும் தட்டுகளைச் சுடும் விளையாட்டை) தொடரப்போகிறவர், கைக்குப் பழகிய துப்பாக்கியை உடன் கொண்டுபோகலாம். நினைவுக்காக மட்டும் வைத்திருப்பவர், பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே விற்றுவிடுவதே சரி என்பேன்.